தம்பியின் கண்ணும் அந்த எட்டு மாதங்களும்

அல்சூரிலிருந்து:

தம்பிக்கு 34 வயது. ஓசூர் சாலையில் அவன் வண்டியை லாரி உரசி, தலையில் அடிபட்டது. நினைவு திரும்பியபோது இடது இமை மூடியே கிடந்தது. விரலால் தூக்கிப் பார்த்தால் கருவிழி காதுப் பக்கமாக ஒதுங்கி, சற்றே கீழிறங்கி நின்றது. மூன்றாவது மண்டை நரம்பு செயலிழந்திருக்கிறது என்றார் டாக்டர். கண்ணை அசைக்கும் ஆறு தசைகளில் நான்கும், இமையைத் தூக்கும் தசையும் அந்த ஒரு நரம்பை நம்பித்தான் இருக்கின்றனவாம்.

பார்க்க வந்த பெரியம்மா, "மாறுகண் அதிர்ஷ்டம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அழுகை வந்துவிட்டது.

உடனே ஆபரேஷன் செய்யுங்கள் என்று டாக்டரிடம் சண்டையே போட்டேன். நரம்பு தானாகத் தேறக்கூடும், ஆறு மாதமாவது பொறுங்கள் என்பதிலேயே அவர் நின்றார். அவர் சொன்னதுதான் சரி. மூன்றாம் மாதம் இமை பாதிக்கு மேல் திறந்தது. ஆனால் அதுவரை மூடிய இமை மறைத்திருந்த இரட்டைப் பார்வை அன்றே தொடங்கியது. "அக்கா, எந்த டம்ளர் நிஜம்?" என்று கேட்டுக்கொண்டே காப்பியை மேசையில் ஊற்றினான். கண்ணாடியின் இடது பக்கம் டேப் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

கண் மட்டும் உள்ளே திரும்பவே இல்லை. எட்டாம் மாதம் அறுவை சிகிச்சை. வெளிப்பக்கத் தசையைப் பின்னுக்கு நகர்த்தித் தைத்து, மூக்குப் பக்கத் தசையின் நீளத்தைக் குறைத்தார்கள். நேராகப் பார்த்தால் இப்போது ஒன்றுதான் தெரிகிறது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டாகிவிடுகிறது, அதனால் கழுத்தையே திருப்பிக்கொள்கிறான். கண் நேராகும், பழைய அசைவு முழுதாக வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் ஏமாறவில்லை. சிகிச்சைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஜாலஹள்ளியிலிருந்து:

அக்கா, என் அம்மாவுக்கும் இதே நரம்புதான். காரணம் சர்க்கரை நோய். ஒரு காலையில் எழுந்தபோதே வலது இமை இறங்கியிருந்தது. டாக்டர் முதலில் டார்ச் அடித்துக் கண்ணின் பாவை சுருங்குகிறதா என்று பார்த்தார். பாவை விரிந்தே நின்று, தலைவலியும் சேர்ந்தால் மூளை ரத்தக்குழாயில் வீக்கம் இருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து என்றார். அம்மாவுக்குப் பாவை நன்றாகச் சுருங்கியது. ஆனாலும் அன்றே ஸ்கேன் எடுக்க வைத்தார். இமை இறங்கினால் அசதி என்று படுத்துவிடாதீர்கள், அன்றே போய்விடுங்கள்.

அம்மாவுக்கு அறுவை தேவைப்படவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தோம், மூன்று மாதத்தில் கண் தானே நேரானது. நேற்று ஊசியில் நூல் கோத்து என் சட்டைக்குப் பட்டன் தைத்தார்.