ஆளைப் பாய்ந்து அடிக்கிற சேவலை வழிக்குக் கொண்டுவந்த அனுபவம்

சேவல் ஆளை அடிக்கிறது என்று சொன்னால் முதலில் வரும் பதில், "அறுத்துக் குழம்பு வைத்துவிடு" என்பதுதான். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. ஆனால் அந்தச் சேவல் பக்கத்தில் இருக்கும்போது கீரிப்பிள்ளையும் பருந்தும் எங்கள் கோழிகளை நெருங்க முடிந்ததில்லை. இரை கிடைத்தால், அது தின்னாமல் குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கொடுக்கும். அப்படிப்பட்டதை அறுக்க எனக்கு மனம் வரவில்லை.

குஞ்சாக இருந்தபோது கையில் ஏறி உட்கார்ந்தது, கூவத் தொடங்கிய சில மாதங்களிலேயே மாறிவிட்டது. முதலில் அடிபட்டவர் சித்தி. கழனித்தண்ணீர் ஊற்றத் தொழுவத்துப் பக்கம் போனவரின் கெண்டைக்காலில் பின்னாலிருந்து பாய்ந்து அடித்துவிட்டது. அலகால் கொத்தினால் தோல்தான் சிவக்கும். கால்முள் குத்தினால் ஆழமாக இறங்கும். எச்சமும் மண்ணும் பட்ட முள் என்பதால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே டிடி ஊசி போட்டுவந்தார். இதை யாரும் அலட்சியம் செய்யாதீர்கள்.

அதன்பிறகு சேவலைக் கவனித்துப் பார்த்தேன். சும்மா பாய்வதே இல்லை. ஒரு பக்கச் சிறகைத் தரையில் உரசுகிற மாதிரி இறக்கும், பக்கவாட்டில் நாலடி எடுத்து வைக்கும், தானியமே இல்லாத இடத்தில் மண்ணைக் கொத்தும். பிடரி மயிர் சிலிர்த்தால் அடுத்து பாய்ச்சல்தான். சிறகை இறக்கும்போதே நாம் சுதாரித்துவிட வேண்டும்.

விளக்குமாற்றால் அடிப்பது எந்தப் பயனும் தராது. தன்னோடு ஒருவன் சண்டைக்கு வருகிறான் என்றுதான் சேவல் எடுத்துக்கொள்ளும், மறுநாள் இன்னும் வேகமாக வரும். ஓடினாலும் அதே கதை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

வழி சொன்னது அப்பத்தா. "ராத்திரியில பிடி, பகல்ல பிடிக்காத" என்றார். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடைந்த பிறகு போனால் சத்தமில்லாமல் தூக்கிவிடலாம். இரண்டு சிறகையும் சேர்த்துக் கக்கத்தில் இடுக்கி, கால்களை விரலிடையில் பிடித்துக்கொண்டு, வாசலில் கொஞ்ச நேரம் நடப்பேன். முதலில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அப்புறம் கழுத்தைத் தொங்கப்போட்டு அமைதியாகிவிடும். பகலில் சிறகை இறக்கினால் பின்வாங்காமல் அதை நோக்கி நிதானமாக நடப்பேன். அது விலகிப் போகும்வரை நிற்கமாட்டேன். சில வாரத்தில் எனக்கு வழிவிடப் பழகிவிட்டது. சித்தியைக் கண்டால் மட்டும் இன்னும் முறைக்கும். ஆக, வீட்டில் தீனி வைக்கிற எல்லோரும் இதைச் செய்தால்தான் முழுப் பலன்.

பக்கத்துத் தெருவில் பெருவிடை என்கிற சண்டைச் சேவல் வளர்ப்பவரும் இதையேதான் சொல்கிறார். அந்தச் சேவல்கள் தங்களுக்குள் ஒன்றையொன்று கொன்றுவிடும், ஆனால் தினமும் கையில் எடுத்துத் தடவிப் பழக்குவதால் ஆளிடம் சாதுவாக இருக்கும்.

கால்முள்ளின் கூர்முனையை மட்டும் அரத்தால் மழுக்கிவிடலாம். அடியோடு வெட்டவே கூடாது. உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் உண்டு. கசிந்தால் மஞ்சள்தூள் வைத்து அழுத்திப் பிடியுங்கள். இன்னொன்று, ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை இருக்க வேண்டும். எங்களிடம் சேவல்கள் அதிகமாகி, பெட்டைகளின் முதுகில் இறகே இல்லாமல் போனது. இளஞ்சேவல்களை விற்ற பிறகு கூட்டமே அடங்கியது.

விருந்தாளிப் பிள்ளைகள் வந்தால் சேவல் பஞ்சாரத்துக்குள் போய்விடும், அதில் சலுகை கிடையாது. சின்னக் குழந்தையின் முகம் சேவல் பாய்கிற உயரத்திலேயே இருக்கிறது, கண்ணில் முள் பட்டால் என்ன செய்வது? வீட்டிலேயே கைக்குழந்தை, தவழும் குழந்தை இருந்து, பழக்கியும் சேவல் திருந்தவில்லை என்றால் யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள். வாங்குகிறவரிடம் அதன் குணத்தைச் சொல்லிக் கொடுங்கள். அடைக்கு முட்டை வைக்கும்போதும் சாதுவான சேவலோடு திரிந்த பெட்டையின் முட்டையாகப் பார்த்து எடுங்கள். கோபக் குணம் குஞ்சுக்கும் இறங்கும்.