கலைச்சொல் விவாதம்: அக்ரிலிக் வெட்டில் ‘ஓரம் உருகல்’ என்ற ஒரே சொல் போதுமா?

நாகர்கோவிலிலிருந்து:

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

லேசரில் அக்ரிலிக் வெட்டும்போது வரும் பழுதுகளுக்கு நம் சொற்பட்டியலில் ‘ஓரம் உருகல்’ என்று ஒரே சொல் நிற்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் சொல்லின் பிழை. உருகுவது என்றால் ஒரு குறித்த வெப்பநிலையில் திண்மம் நீர்மமாக மாறுவது. பனிக்கட்டிக்கு அது 0 டிகிரி, ஈயத்துக்கு 327 டிகிரி. அக்ரிலிக்குக்கு அப்படி ஓர் உருகுநிலை கிடையாது. 105 டிகிரி செல்சியசை ஒட்டி இறுக்கம் விட்டு இளகத் தொடங்கும். சூடு ஏற ஏறக் கருப்பட்டிப் பாகு போலக் குழையும். 200 டிகிரியைத் தாண்டி இன்னும் சூடேறினால் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, எந்த ஒற்றை மூலக்கூறிலிருந்து செய்தார்களோ அதுவாகவே திரும்பி ஆவியாகிவிடும். வெட்டும்போது மூக்கில் ஏறும் நெடி அந்த ஆவியுடையது.

ஆகவே நல்ல வெட்டு என்பது ஆவியாதல். ஆவியாகிப் போக வேண்டியது போகாமல் இடைச் சூட்டில் இளகிக் கிடப்பதுதான் பழுது. அதனால் ‘விளிம்பிளகல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ‘ஓரம் உருகிட்டு’ என்று பட்டறையில் சொன்னால் அது நான்கில் ஒன்றாக இருக்கலாம். அடிப்பக்கம் பிசிறு தொங்கலாம். வெட்டிய துண்டு விழாமல் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கலாம். அடியில், பலகையைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டின் அச்சு வெள்ளைத் தழும்பாகப் பதிந்திருக்கலாம். நேர்க்கோடு நன்றாக இருந்து மூலைகள் மட்டும் மழுங்கியிருக்கலாம். நான்குக்கும் காரணம் வேறு, திருத்தமும் வேறு. ஒரே பெயர் வைத்தால் பையன்கள் எல்லாவற்றுக்கும் பவரைத்தான் குறைப்பார்கள். பவரைக் குறைத்தால் துண்டு விழாது. உடனே வேகத்தைக் குறைப்பார்கள். பழுது இரட்டிப்பாகும்.

தக்கலையிலிருந்து:

அண்ணாச்சி, பழுதைப் பிரித்துப் பெயர் வைக்க வேண்டும் என்பதை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் ‘விளிம்பிளகல்’ பழுதின் பெயராக நிற்காது.

லேசரில் வெட்டிய அக்ரிலிக்கின் விளிம்பு கண்ணாடி மாதிரிப் பளபளப்பது ஏன்? வெட்டுச் சுவரில் மிக மெல்லிய ஒரு படலம் இளகி, மேடுபள்ளத்தை நிரவிக்கொண்டு, அப்படியே இறுகுவதால்தான். ரம்பத்தில் அறுத்த விளிம்புக்கு அந்தப் பளபளப்பு வராது. தாள் தேய்த்து மெருகேற்ற வேண்டும். இளகல் இல்லையென்றால் மெருகும் இல்லை. வெட்டும் இடத்தில் மேலிருந்து அடிக்கும் ஊதுகாற்றைப் பலமாக வைத்தால் அந்தப் படலம் நிரவுவதற்கு முன்னே குளிர்ந்து, விளிம்பு பால்பிடித்த மாதிரி மங்கிப்போகும். அங்கே இளகல் போதவில்லை என்பதே குறை. வாடிக்கையாளர் விரும்பும் விளிம்புக்கும் வெறுக்கும் விளிம்புக்கும் ஒரே பெயரை வைக்க முடியுமா?

நல்லதற்குச் ‘சுடர்மெருகு’ என்று பெயர் வைக்கலாம். பழுதுக்கு ‘வழிவு’. கோட்டாறு சவேரியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றினால் மெழுகு இளகி ஓரத்தில் வழிந்து இறுகி நிற்குமே, அதேதான் இங்கேயும். இளகியது தன் இடத்தில் நின்றால் மெருகு, இடம் விட்டு ஓடினால் வழிவு. ‘விளிம்பு வழிவு’ என்றால் முதல்முறை கேட்பவருக்கும் கண்ணில் தெரியும்.

வழிந்தது அடியில் இறுகி நிற்பதற்குப் புதுச்சொல் வேண்டாம், பிசிறு என்றே இருக்கட்டும். ஐடிஐ படித்த எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும்.

துண்டு திரும்ப ஒட்டிக்கொள்வதற்கு ஒரு யோசனை. லேசர் கோட்டின் அகலத்துக்கு ‘வெட்டுவாய்’ என்று ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. 50.8 மில்லிமீட்டர் லென்சில் அது சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். இரு சுவரும் இளகி அந்தச் சிறு வாய் மூடிக்கொள்வதை ‘வாய்கூடல்’ எனலாம். புண் கூடிவிட்டது என்று சொல்கிறோமே, அந்தக் கூடல்.

கருங்கல்லிலிருந்து:

விளிம்பா ஓரமா என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். பலகையில் வெட்டாத வெளிப்பக்கமும் ஓரம்தான், நாம் வெட்டிய சுவரும் ஓரம்தான் என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. வெளிப்பக்கத்துக்கு ஓரம், வெட்டிய சுவருக்கு விளிம்பு என்று வைத்தால் போதும். ‘வழிவு’ எனக்குச் சம்மதம். ‘இளகல்’ மட்டும் வேண்டாம், மருந்துக்கடை இளகம்தான் நினைவுக்கு வரும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் வணக்கம். ஒரு சொல் நல்லதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இது: அதைக் கேட்டதும் இயந்திரத்தில் எதைத் தொடுவது என்று விளங்க வேண்டும். முன்வைத்த சொற்களை அப்படி ஓட்டிப் பார்க்கிறேன். லேசர் கதிரைத் தருவது 60 வாட் கண்ணாடிக்குழாய், வெட்டுவது 3 மில்லிமீட்டர் பலகை என்று வைத்துக்கொள்வோம்.

எதற்கும் முன்னால் பலகையின் இனம். கடையில் காஸ்ட், எக்ஸ்ட்ரூடட் என்பார்கள். முதலாவது இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வார்த்தது. இரண்டாவது இடியாப்ப உரலில் மாவைப் பிழிவதுபோல அச்சின் வழியே தள்ளியது. ‘வார்ப்புப் பலகை’, ‘பிழிவுப் பலகை’ என்று சொல்லலாம். வார்ப்பின் மூலக்கூறுச் சங்கிலி மிக நீளம், அதனால் அவ்வளவு எளிதாக ஓடாது. பிழிவின் சங்கிலி குட்டை. சூடு பட்டதும் ஓடும், நூலாக இழுபடும், வெட்டுவாய் கூடும். உறையைப் பார்த்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு மூலையில் 10 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றைப் பொறித்துப் பாருங்கள். பொறித்த இடம் வெண்மையாகப் பூத்தால் வார்ப்பு, நிறமில்லாமல் தெளிவாகவே இருந்தால் பிழிவு. பிழிவுப் பலகையில் கொஞ்சம் வழிவு வரத்தான் செய்யும். அமைப்பை மாற்றி மாற்றி அரைநாளைக் கழிப்பதைவிடப் பலகையை மாற்றுவது மலிவு. வார்ப்புப் பலகையின் கனமோ, அதாவது தடிமனோ, இடத்துக்கிடம் மாறும். ஆகவே நான்கு மூலையிலும் வெர்னியரை வைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் வெட்டு விழாததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இனி விளிம்பு வழிவு. காரணம் ஒன்றுதான்: ஒரே இடத்தில் சூடு அதிக நேரம் நிற்பது. வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதே முதல் வேலை. 65 விழுக்காடு பவரில் விநாடிக்கு 10, 12, 15, 18, 21 மில்லிமீட்டர் என்று ஐந்து வேகங்களில் 20 மில்லிமீட்டர் வட்டங்களை வெட்டுங்கள். தட்டாமலே விழும் வட்டங்களில் எது வேகம் மிகுந்ததோ, அதிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதுவே உங்கள் வேகம். குழாயின் வயதைப் பொறுத்து எண் மாறும், அதனால் அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்க வேண்டாம். இரண்டு ஓட்டில் வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். முதல் ஓட்டில் இறுகிய சுவரை இரண்டாவது ஓட்டு மறுபடி இளக்கும், படி விழும், வழிவு கூடும்.

வேகம் சரியாக இருந்தும் வழிந்தால் குவியத்தை, அதாவது லென்சு கதிரைக் குவிக்கும் புள்ளியைப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் பலகைக்குக் குவியம் மேற்பரப்பிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கலாம். 8, 10 மில்லிமீட்டருக்கு மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் இறக்கி வைக்க வேண்டும். லென்சில் புகைப்படலம் இருந்தால் கதிரின் ஒரு பங்கு லென்சிலேயே சூடாக நின்று, குவியமும் நகர்ந்துவிடும். லென்சுத் தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பாகத் துடையுங்கள். பிறகு கணினிக் கோப்பு. ஒரு கோட்டின் மேலே அதே கோடு இன்னொன்று படிந்திருந்தால் இயந்திரம் அதே இடத்தை இருமுறை வெட்டும். சில துண்டுகள் மட்டும் வழிகின்றன, பக்கத்தில் உள்ளவை நன்றாக இருக்கின்றன என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கோப்பைத்தான்.

மூலை மழுங்கலுக்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும். ‘மூலை வழிவு’ என்றே வைக்கலாம். மூலையில் திரும்பும்போது லேசர் தலையின் வேகம் குறைகிறது, பவர் அதே அளவில் குறையாவிட்டால் அங்கே சூடு தேங்கும். திருத்தம் மினிமம் பவரில், அதாவது தலை வேகம் குறையும் இடங்களுக்கான பவரில் இருக்கிறது. மேக்சிமம் 65 என்றால் மினிமம் 50இல் தொடங்கி, மூலை தெளியும் வரை இரண்டிரண்டாக இறக்குங்கள். மிகவும் இறக்கினால் மூலை வெட்டுப்படாமல் ஒட்டி நிற்கும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கன்னியாகுமரிக் கடைகளுக்குப் போகும் வள்ளுவர் சிலைச் சாவிக்கொத்து மாதிரி, ஒரு விரல் அகலத்தில் நாற்பது மூலை இருக்கும் வேலைகளில் இதுதான் முழுத் தொல்லையும். அப்படிப்பட்ட துண்டுகளை நெருக்கி அடுக்கவும் கூடாது. பலகையின் கனம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியாவது இருக்கட்டும், அடுத்தடுத்த துண்டை வெட்டாமல் தள்ளித்தள்ளி வெட்டும்படி வரிசையை மாற்றுங்கள்.

வாய்கூடல் வந்தால் வேகத்தைத் தொடும் முன்னே காற்று. மேலே மென்மையாக, கீழே பலமாக என்பதே அக்ரிலிக்குக்கான விதி. ஊதுகாற்று, முனையில் தீ நிற்காமல் தள்ளிவிடும் அளவு இருந்தால் போதும். அடியிலிருந்து உறிஞ்சும் விசிறி முழு வேகத்தில் ஓட வேண்டும். ஆவி கீழே இறங்கினால் வெட்டுவாய் திறந்தே இருக்கும். அந்த ஆவி எளிதில் தீப்பற்றும், வெட்டு ஓடும்போது இயந்திரத்தை விட்டு ஒருவரும் நகரக் கூடாது. உறை பிளாஸ்டிக் படலமாக இருந்தால் அதுவும் இளகி வெட்டுவாயில் ஒட்டும், உரித்துவிட்டுக் காகித டேப் ஒட்டி வெட்டுங்கள்.

தேன்கூட்டுத் தழும்பு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. கதிர் பலகையைத் தாண்டித் தட்டில் பட்டுத் திரும்பி அடியில் சுடுகிறது. பவரைத் தொடவே வேண்டாம், பலகையை 10 முதல் 15 மில்லிமீட்டர் தூக்கி வைத்தால் போய்விடும். பழைய அக்ரிலிக் துண்டுகளை அடுக்கி, கோடு போகாத இடங்களில் முட்டுக் கொடுக்கலாம். இதற்கு ‘எதிரடித் தழும்பு’ என்ற பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு எச்சரிக்கையையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அக்ரிலிக் என்று நினைத்து பிவிசி பலகையை வைத்துவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்கும் இயந்திரத்தின் இரும்புக்கும் கேடு. பாலிகார்பனேட்டோ வழியாது, பழுப்பேறிக் கருகும். கருகல் வேறு, வழிவு வேறு.

நாகர்கோவிலிலிருந்து:

தக்கலை அம்மா சொன்னது சரி. விளிம்பிளகலைத் திரும்பப் பெறுகிறேன். இளகல் என்பது நடக்கும் மாற்றத்தின் பெயராக, பொதுச்சொல்லாக மட்டும் இருக்கட்டும். விளிம்பு வழிவு, மூலை வழிவு, வாய்கூடல், சுடர்மெருகு, பிசிறு, வார்ப்புப் பலகை, பிழிவுப் பலகை, ஓரம்–விளிம்பு வேறுபாடு ஆகியவை பட்டியலில் ஏறுகின்றன.

மார்த்தாண்டத்துத் தம்பி எழுதியதோடு நம் ஊர்க்காற்றையும் சேர்க்க வேண்டும். இரண்டு மழையும் பெறும் மாவட்டம் இது. ஆனி ஆடிச் சாரலில் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் பூக்கத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி வரை வரும். லேசர் குழாயைக் குளிர்விக்கும் நீரைத் தரும் குளிர்விப்பானை 18இல் வைத்தால் குழாயின் வாயில் நீர் பூத்துவிடும், கதிர் சிதறும், வெட்டுவிழாது என்று வேகத்தைக் குறைப்பார்கள், விளிம்பு வழியும். மழை மாதங்களில் 25 அல்லது 26 டிகிரியில் வையுங்கள். 30ஐத் தாண்ட விடாதீர்கள்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. வெட்டிய விளிம்பை உடனே ஆல்கஹாலிலோ சானிட்டைசரிலோ துடைத்தால் நுண்கோடுகளாக வெடிக்கும். இளகி இறுகிய படலத்தில் இழுவிசை தங்கிவிடுவதே காரணம். ‘மயிரிழை விரிசல்’ என்று வைக்கலாமா? சோப்பு கரைத்த நீரும் மென்துணியும் போதும் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடலாம். கரைப்பான் ஊற்றி ஒட்ட வேண்டிய வேலையென்றால் துண்டுகளை 80 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரமாவது வைத்து, கதவைத் திறக்காமல் ஆறவிட்டு எடுக்க வேண்டும். இதற்குப் ‘பதமாற்றல்’ என்ற சொல் பொருந்துமா என்பதை இரும்பு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எதிரடித் தழும்பு பற்றி மட்டும் எனக்கு ஒரு தயக்கம். எதிரடி என்றதும் சண்டைதான் முன்னே வருகிறது. ‘அடித்தழும்பு’ என்று சுருக்கினாலோ, அடித்ததால் வந்த தழும்பு என்று பொருள் திரிகிறது. ‘எதிரொளித் தழும்பு’ என்றால் கதிர் திரும்பி வருவது தெரிகிறது, பலகையைத் தூக்க வேண்டும் என்பதும் அதிலேயே விளங்குகிறது. மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.

தக்கலையிலிருந்து:

எதிரொளித் தழும்புக்கு என் ஒப்புதல். விளக்கத்தில் ‘முட்டுக் கொடுக்கும் துண்டுகள் எல்லாம் ஒரே கனத்தில் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் அண்ணாச்சி. ஒன்று கூடக்குறைய இருந்தால் பலகை சாய்ந்து குவியம் தவறும், தழும்பு போன இடத்தில் வழிவு வந்து நிற்கும்.