வேலூர் பெண் எஸ்.ஐ. நாவல்: ஸ்டேஷன் நடைமுறை எங்கே இடிக்கிறது?

பாலாற்றுமணல்:
குற்ற நாவல் ஒன்று பாதி எழுதியிருக்கிறேன். விருதம்பட்டு பக்கம் பாலாற்று மணலில் ஒரு பெண்ணின் பிணம். முதலில் போய்ச் சேர்வது சட்டம் ஒழுங்கு பெண் எஸ்.ஐ. "பொம்பளைக்கு எதுக்கு கொலைக் கேஸு" என்று இன்ஸ்பெக்டர் வழக்கைப் பிடுங்கிக்கொள்கிறார். அவள் எஸ்.பி.யிடம் புகார் கொடுக்க, மறுநாளே இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட். போலீஸ் வேலை தெரிந்தவர்கள் இதை நம்புவார்களா?

அகழிக்கரை:
நம்ப மாட்டார்கள். தமிழ்நாட்டில் கொலை வழக்கை விசாரிப்பது இன்ஸ்பெக்டர்தான். எஸ்.ஐ. எஃப்.ஐ.ஆர். போட்டு அவரிடம் ஒப்படைப்பார், ஆண் எஸ்.ஐ. என்றாலும் இதேதான். அந்தக் காட்சியை மாற்றியே ஆகவேண்டும்.

பாகுபாடு நுழைவது டியூட்டி போடும் இடத்தில். எந்தக் கேஸில் பெண் கைதானாலும் ரிமாண்டுக்கும், அங்கிருந்து தொரப்பாடி பெண்கள் சிறைக்கும் உங்கள் நாயகியே போகவேண்டும். அடுக்கம்பாறை மார்ச்சுவரி வாசலில் அழுகிற சொந்தக்காரர்களைச் சமாளிக்கவும் அவள்தான். அந்த நேரத்தில் சாட்சிகளை விசாரிப்பது அவளுக்கு ஜூனியர். ஒவ்வொரு உத்தரவும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். ஒரு மாத ஜி.டி.யை (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு) வரிசையாகப் புரட்டினால்தான் பிடிபடும். அந்தப் புரட்டலை ஒரு அத்தியாயமாகவே எழுதலாம்.

மகஜர்:
துப்பையும் இதிலேயே வையுங்கள். மணலில் கம்மல் திருகாணியைக் கண்டெடுப்பது அவள். மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகளோடு பதியும் குறிப்பு) ஜூனியர் எஸ்.ஐ. எடுத்ததாக எழுதிவிடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105-வது பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவேண்டும். வீடியோவில் அவள் கை, அவள் குரல். எழுத்தில் வேறு பெயர். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது போதும். கூண்டில் ஏறி அவள் உண்மையைச் சொன்னால் கேஸ் ஆட்டம் காணும், மறைத்தால் பொய்ச்சாட்சி. பெண்ணின் வேலையை அழித்து எழுதுவது கொலைகாரனுக்கு எப்படி உதவுகிறது என்பதை இதைவிட வலுவாகக் காட்ட முடியாது.

பாலாற்றுமணல்:
அருமை, அந்தத் திருகாணியை எடுத்துக்கொள்கிறேன். புகாரை என்ன செய்ய?

அகழிக்கரை:
இரண்டு வகை, கலக்காதீர்கள். டியூட்டியில் ஓரங்கட்டுவது மட்டும் என்றால் முறையான வழியில் மனு. அது அந்த இன்ஸ்பெக்டர் கை வழியாகத்தான் டி.எஸ்.பி.க்குப் போகும், சிக்கலே அங்கேதான். பாலியல் தொந்தரவு என்றால், அல்லது இணங்காததற்குப் பழிவாங்கத்தான் இந்த டியூட்டி என்றால், பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013 சட்டப்படி விசாகா கமிட்டி (அலுவலகத்துக்குள் இந்தப் புகாரை விசாரிக்கும் குழு). சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் (தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம்), விசாரணைக்கு 90 நாள். தலைவர் மூத்த பெண் அதிகாரி, வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் கட்டாயம். மறுநாள் சஸ்பெண்ட் என்பதெல்லாம் நடக்காது. இன்ஸ்பெக்டரை சஸ்பெண்ட் செய்வதும் வழக்கமாக சரக டி.ஐ.ஜி.தான். வேலூர் சரகத்தில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கும் அடக்கம்.

விசாரணை நடக்கும்போது இடமாற்றம் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு, ஆனால் அவளே எழுதிக் கேட்டிருக்கவேண்டும். கேட்காமலே அவளைத் தூக்கி வேறு ஊரில் போட்டால் அது நிவாரணமல்ல, தண்டனை. உத்தரவில் 'அவளே கேட்டதால்' என்ற ஒரு வரி இருக்கிறதா என்று அவள் தேடிப் பார்க்கட்டும்.

மகஜர்:
விட்டுப்போன ஒன்று: இன்ஸ்பெக்டருக்குத் தரும் குற்ற மெமோவை (துறை நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் கடிதம்) 17(பி) விதி என்று எழுதிவிடாதீர்கள். அது மற்ற அரசு ஊழியர்களுக்கு. இன்ஸ்பெக்டர் வரையிலான போலீசுக்கு 3(பி).