பெஸ்கர் ஈட்டிய ஏன் உருக்கணும்?

கேள்வி: ஸ்டார் வார்ஸ்ல பெஸ்கர்ங்குற உலோகம் லைட்சேபரையே (ஒளிவாள்) தடுக்குதுல்ல, அதுல செஞ்ச ஈட்டிய மாண்டலோரியன் இன வீரர் டின் ஜாரின் கொண்டுவந்தா, அவங்களுக்குக் கவசம் செய்யுற ஆர்மரர் ஏன் உருக்கிடுறாங்க? எனக்கு மனசே ஆறல.

பதில்: பெஸ்கர் கவசத்தையே அந்த ஈட்டி துளைச்சிடும்ங்க, அது இருக்குறதே மாண்டலோரியன்களுக்கு ஆபத்து, இந்த உலோகம் கவசத்துக்குத்தான் ஆயுதத்துக்கு இல்லனு ஆர்மரரே சொல்லுவாங்களே. அதுவும் வீணாகல, டின் ஜாரின் பாதுகாத்த குட்டி குரோகுவுக்கு வளையச் சட்டையாச்சு.

இன்னொரு பதில்: 2019ல வந்த 'தி மாண்டலோரியன்' தொடரோட முதல் எபிசோட திரும்பப் பாருங்க. டின் ஜாரினுக்கு முன்பணமா கெடைக்குற பெஸ்கர் கட்டில எம்பயர் (கொடுங்கோல் பேரரசு) முத்திரை இருக்கும், மாண்டலோரியன் இனத்த அழிச்சப்ப அந்த எம்பயர் புடுங்கிட்டுப் போனது. ஆர்மரர் அத உருக்கி தோள்கவசம் செஞ்சுட்டு மிச்சத்த ஆதரவில்லாத பிள்ளைங்களுக்குனு ஒதுக்குவாங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச சீன் அதான்.