பிரசவ அறையில் எதையெல்லாம் கேட்கலாம்?

தோழிகளே, எனக்கு எட்டாவது மாதம். முதல் பிரசவத்தில் குழந்தையும் நானும் நலம்தான். ஆனால் என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, வலியில் கத்தியதற்குத் திட்டு வேறு. கணவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

சரி, இந்த முறை தயாராகப் போகலாமென்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகளைப் படித்தேன். நாம் விரும்பும் ஒருவர் கூடவே இருக்கலாம், எல்லோருக்கும் வழக்கமாகப் பிறப்புறுப்பில் வெட்டுப் போடக்கூடாது, இயல்பாகப் போகும் பிரசவத்தில் உள்பரிசோதனை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்கிறது. (அன்றைக்கு எனக்கு எத்தனை முறை என்று கணக்கே இல்லை!)

இதையெல்லாம் மருத்துவர் முகம் சுளிக்காதபடி எப்படிக் கேட்டீர்கள்? எழுதிக் கொடுத்தவர்கள் உண்டா? இங்கே செவிலியர் யாராவது இருந்தால், வலி வந்தபின் சொன்னால் எடுபடுமா, முன்பே பேசிவிட வேண்டுமா என்று சொல்லுங்கள்.