விழுந்தவனைத் தூக்கலாமா, முடிஞ்சு போச்சா? அதை கேம் எப்படிச் சொல்லணும்?

கரிசல்மேடு:
நேத்து ராத்திரி ஒரு சுடுற கேம்ல தம்பியோட டூயோ (ரெண்டு பேர் டீம்) ஆடினேன். கேம் பேரு வேண்டாம். அவன் படிக்கட்டுக்குக் கீழ விழுந்துட்டான். இருந்த ரெண்டு புகைக் குண்டையும் போட்டு, பாதி உயிரை விட்டு அவன்கிட்ட போய்ச் சேர்ந்தா, தூக்கி விடுற ரிவைவ் பட்டனே வரல. ஏற்கெனவே செத்திருக்கான். அந்த கேம்ல நாக் ஆன (அடிபட்டு விழுந்து, இன்னும் தூக்கி விடக்கூடிய) உடம்பும் செத்த உடம்பும் ஒரே மாதிரி கிடக்கும். தலைக்கு மேல உள்ள புள்ளி பச்சையா சிவப்பாங்கிறது மட்டும்தான் வித்தியாசம். எனக்கு அந்த ரெண்டு நிறமும் பிரிச்சுத் தெரியாது.

இதை உடம்பே சொல்லணும். பப்ஜியில நாக் ஆனவன் தவழுவான், செத்தவன் அவன் சாமான் இருக்கிற பெட்டி ஆயிடுவான். எவ்வளவு தூரத்துல இருந்து பாத்தாலும் குழப்பமே கிடையாது.

ஏழாம்ஜோன்:
ஒத்துக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியிறது எதிரிக்கும் தெரியுதே! பப்ஜியில டீமோட கடைசி ஆள் வழக்கமா நாக் ஆக மாட்டான், நேரா பெட்டிதான். அப்போ நான் சுட்டவன் தவழ ஆரம்பிச்சாலே, அவன் டீம்ல இன்னொருத்தன் நிக்கிறான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவனை முடிக்காம தூண்டில் புழுவா விட்டு வைப்பேன். தூக்க 10 விநாடி ஆகும், அதுவரைக்கும் வர்றவன் அசைய முடியாது. ஒரு புழுவுக்கு ரெண்டு மீன். அடிச்சவனுக்கு இவ்வளவு தகவலை இலவசமாத் தரக் கூடாது.

கரிசல்மேடு:
அந்தத் தூண்டிலை எனக்கும் போட்டிருக்காங்க, நானும் போட்டிருக்கேன். அது ஆட்டத்தோட ருசி. புள்ளி நிறம் தெரியாம சாகுறதுல என்ன ருசி இருக்கு?

பழைய_லேன்_சென்டர்:
ரெண்டு பேருமே விழுந்த பிறகு உள்ளதை மட்டும் பேசுறீங்க. 2008-ல வந்த லெஃப்ட் 4 டெட்ங்கிற ஸோம்பி கேம், விழுறதுக்கு முன்னாடியே சொல்லிடும். ரெண்டு தடவை விழுந்து எழுந்தவனுக்குத் திரை கறுப்பு வெள்ளையாயிடும், இதயத் துடிப்பு கேட்கும். அடுத்து விழுந்தா தூக்க வழியில்லைன்னு அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டதும் நாங்க முன்னால ஓடுறதை நிறுத்திட்டு, காயம் ஆத்துற மெடிகிட் தேடுவோம்.

இன்னொண்ணு, பெட்டி ஆனா கதை முடிஞ்சதுன்னு இப்போ சொல்ல முடியாது. 2019-ல ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கேம் வந்தப்பவே, செத்தவன் பெட்டியில இருந்து 90 விநாடிக்குள்ள பேனரை (அவனோட அடையாள அட்டை மாதிரி) எடுத்து, ஆளை வரவழைக்கிற பீக்கனுக்குக் கொண்டு போனா ஆள் திரும்பி வருவான். பப்ஜியிலயே 2022-ல டெஸ்டன் மேப்போட, செத்தவனை அதே மாதிரி வரவழைக்கிற ப்ளூ சிப் வந்துச்சு. இப்போ மூணு நிலை ஆயிடுச்சு: தூக்கலாம், திரும்பக் கொண்டு வரலாம், முடிஞ்சது. கடைசி ரெண்டையும் பெட்டியோட உருவம் எப்படிப் பிரிச்சுக் காட்டும்? கடிகாரம் வேணும்.

ஏழாம்ஜோன்:
கடிகாரத்துக்கு நான் சம்மதம், அது டீம் ஆளுங்களுக்கு மட்டும் தெரியிறதால. நான் கேக்குறதும் அதுதான். தகவல் டீமுக்குப் போகட்டும், அடிச்சவனுக்குப் போக வேண்டாம்.

கரிசல்மேடு:
கடிகாரம் திரை மூலையில இருந்தா சண்டை நடுவுல யாரு பாப்பா? உடம்பு மேலயே இருக்கணும், நிறமா இல்லாம குறையுற வளையமா.

இப்போதான் தம்பிகிட்ட கேட்டேன், விழுந்து கிடந்தப்ப உன் திரையில என்ன தெரிஞ்சுச்சுன்னு. ரத்தப் பட்டை குறையுறது அவனுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. நான் வாசலைத் தாண்டுறப்ப நாலு விநாடிகூட மிச்சமில்லையாம். "வராத அண்ணே"ன்னு கத்தியிருக்கான். அவன் மைக் ஆஃப்ல இருந்திருக்கு.

பழைய_லேன்_சென்டர்:
பேட்டில்ஃபீல்டு 5-ல (2018) விழுந்தவன் ஒரு பட்டனை அழுத்திப் பிடிச்சா உதவிக்குக் கூப்பிடலாம், இன்னொண்ணை அழுத்தினா சீக்கிரம் செத்துப் போகலாம். உங்க தம்பிக்குத் தேவைப்பட்டது அந்த ரெண்டாவது பட்டன்.

கரிசல்மேடு:
செத்துப் போற பட்டன் இல்லைங்க. 'வராத'ன்னு சொல்ற பட்டன்.