கோதுமையை நிறுத்திய பிறகு எடுத்த சீலியாக் ரத்தப் பரிசோதனை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் அக்காவுக்கு 38 வயது. இரண்டு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. நாலு படி ஏறினாலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். வயிற்று உப்புசம் வேறு. கோதுமைதான் காரணமோ, அதிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கும் சீலியாக் நோயோ என்று மூன்று மாதம் முன்பு அவளாகவே அதை நிறுத்திவிட்டாள். போன வாரம்தான் ரத்தம் எடுத்தார்கள். சீலியாக் நோயில் ரத்தத்தில் கூடும் டிடிஜி ஐஜிஏ என்ற ஆன்டிபாடிக்கான பரிசோதனை நெகட்டிவ். சீலியாக் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. குளூட்டனை நிறுத்தினால் இந்த ஆன்டிபாடி மெல்ல இறங்கிவிடும், நோய் இருந்தாலும் நெகட்டிவ் வரலாம். அப்புறம், ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ரத்தத்தில் ஐஜிஏ வகை ஆன்டிபாடி மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற அளவே அதில் இல்லை. சீலியாக் உள்ளவர்களில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு ஐஜிஏ குறைபாடு உண்டு, அதனால் நோய் இருந்தும் இந்தப் பரிசோதனை நெகட்டிவ் வரலாம். அவர்களுக்கு ஐஜிஜி என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியைப் பார்க்கும் பரிசோதனைதான் பயன்படும்.

மறுபடி கோதுமை சாப்பிட்டுவிட்டுப் பரிசோதித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எத்தனை வாரம், தினமும் எவ்வளவு சாப்பிடச் சொன்னார்கள்? தாங்க முடிந்ததா? அக்கா ரொம்பவே பயப்படுகிறாள். சீலியாக்கோடு தொடர்புள்ள டிகியூ2, டிகியூ8 மரபணுப் பரிசோதனையின் முடிவு கோதுமையை நிறுத்தியிருந்தாலும் மாறாது என்பதால், அதை முதலில் எடுத்தவர்களும் சொல்லுங்கள். அடுத்த வாரம் குடல் மருத்துவரைப் பார்க்கிறோம். அதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.